ஒன்பதாவது வாரம்

வேலை மாறிய இரண்டாவது வாரத்திலிருந்து பெரியவள் படியிறங்கும்போதே மாஸ்க் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். முதலில் கவனித்தது எதிர்வீட்டுத் தையல்காரி. ஊசியில் ஒரு கண், தெருவில் ஒரு கண் என்று இருபது வருஷமாக மெஷின் மிதிக்கிறவள். அவளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட முடியாது. ஜலதோஷம் என்று மூன்று நாள் நம்பினாள். நாலாம் நாள், முகத்தில் ஏதோ வந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பாதி சரி. மறைக்கத்தான் செய்தாள். முகத்தில் ஒரு பருகூட வரவில்லை, மறைக்க வேண்டியிருந்தது முகத்தையேதான்.

அந்த முகத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், மூன்று வருஷ இடைவெளி. சின்னவள் கணக்குப் போட்டுவிட்டு விடையைச் சரிபார்க்க மாட்டாள், அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். தப்பென்றால் பெரியவளின் மேலுதடு இடது பக்கம் லேசாக இழுக்கும், ஒரு நூல் அளவு. அம்மாவுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது, சின்னவளுக்கு மட்டும் தெரியும். "இழுத்துச்சு" என்று சொல்லி அழித்துவிட்டு மறுபடி போடுவாள். காலேஜில் எந்தப் பாடம் எடுப்பது என்பதும் அப்படித்தான் முடிவானது. பின்னால், கட்டிக்கொள்ள நினைத்த பஸ் டிரைவரைக் கூட்டிவந்து ஹாலில் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இழுக்கவில்லை. கட்டிக்கொண்டாள். எந்தப் பரீட்சையில் பாஸானோம் என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

பெரியவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டுத் தெரு ஓய்ந்துவிட்டது. மாடி வீட்டில் அவள், கீழ்வீட்டில் தங்கை குடும்பம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே குடை. தொழிலும் ஒன்று: பசை.

பசை என்றால் உலகத்தில் இருக்கிற பசையெல்லாம் கிடையாது. கடையில் குளிர்பானம் விற்கிறானே கண்ணாடி பாட்டில், அதில் லேபிள் ஒட்டுகிற பசை. கேட்பதற்கு என்னமோ சின்ன விஷயம்போல இருக்கும். ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வியர்த்துக்கொண்டு நின்றாலும் லேபிள் நகரக் கூடாது; காலி பாட்டில் கம்பெனிக்குத் திரும்பி வந்து வெந்நீரில் முங்கினதும் ஒரே நிமிஷத்தில் கழன்று விழ வேண்டும். பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். மனுஷர்களிடமே இந்தக் குணம் கிடைப்பதில்லை, இவர்கள் பால் புரதத்திலிருந்து காய்ச்சுகிற பசையிடம் எதிர்பார்த்தார்கள்.

பெரியவள் பதினோரு வருஷம் வேலை பார்த்த கம்பெனியிடம் அப்படி ஒரு பசை இருந்தது. சின்னவளின் கம்பெனியிடம் இல்லை. மொத்தத் துயரமும் இந்த ரெண்டு வரிதான்.

பழைய கம்பெனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் மாறியது. போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். பெரியவளின் முழங்கால் ஒரு பஸ்ஸுக்கே சம்மதிப்பதில்லை. எங்க லேபுல ஆள் எடுக்கறாங்க, வந்துடு என்று சின்னவள் நச்சரித்தாள். அக்கா தன் கீழே வேலை பார்க்கப் போகிறாள் என்பதில் அவளுக்கு ஒரு குஷி. அதைத் தெருவில் நாலு பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் சொன்னாள்.

பெரியவள் கிளம்பியபோது ஒழுங்காகத்தான் கிளம்பினாள். லேப் நோட்டுகள் பதினொன்றையும் வரிசையாக அடுக்கி ஒப்படைத்தாள். வீட்டில் மளிகைச் சாமான் எழுதிய தாளின் ஓரத்தில் ஒரு கலவையின் அளவைக் குறித்துவைத்தது ஞாபகம் வந்து, அந்தத் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சர்க்கரை, சோப்பு, தீப்பெட்டி என்று எழுதிய தாளை ரசீது போட்டு வாங்கிக்கொண்ட ஒரே கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். லேப் தலைவர், அவளோடு பதினோரு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர், சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கினார். பிறகு அவளிடம் ஒன்று சொன்னார்.

"ஜெயிச்சது மட்டும் இல்லம்மா. நாம தோத்ததும் கம்பெனியோடதுதான். அதையும் இங்கேயே வெச்சுட்டுப் போயிடுங்க."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அப்போது அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. தோற்றதை யார் கேட்கப்போகிறார்கள்?

புதுக் கம்பெனியிலும் ஒரு கையெழுத்து. இங்கே ஒரு வக்கீலம்மா, கம்பெனிக்கென்றே சம்பளத்துக்கு இருப்பவள், குட்டையாக, எப்போதும் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டு. பழைய இடத்திலிருந்து காகிதமோ கணக்கோ ஞாபகமோ எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது என்று வாசித்துக் காட்டினாள். ஞாபகத்தை எங்கே கழட்டி வைப்பது என்று பெரியவள் விளையாட்டாகக் கேட்டாள். அதற்கு ஆணி அடித்துத் தரமுடியாது, வாயை மூடிக்கொண்டால் போதும் என்று வக்கீலம்மாவும் விளையாட்டாகவே சொன்னாள்.

இரண்டாவது வாரம் மீட்டிங். மேனேஜர், லேப் ஆட்கள் நாலு பேர், நடுவில் சின்னவள். பலகையில் தன் திட்டத்தை எழுதினாள்: பால் புரதம், அதோடு கடல்பாசி மாவு. எழுதி முடித்துவிட்டு, நாற்பது வயசிலும் பழக்கம் போகாமல், திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

கடல்பாசி! பழைய கம்பெனியில் அவளும் லேப் தலைவருமாக ரெண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். முப்பத்தோரு முறை. முதல் வாரம் ஜோராகப் பிடிக்கும், ஆறாவது வாரம் இரும்பு மாதிரி நிற்கும், எல்லாரும் கை குலுக்கிக்கொள்வார்கள். ஒன்பதாவது வாரம் பசை நூல் நூலாகத் திரிந்து லேபிள் ஓரத்திலிருந்து உரியும். எந்த அளவு போட்டாலும் சரி, எந்தச் சூட்டில் காய்ச்சினாலும் சரி, ஒன்பதாவது வாரம் நாள் பார்த்து வந்ததுபோல வரும். கடைசியில் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு வேறு வழி போனார்கள். அந்தத் தோல்விதான் அவர்களை ஜெயித்த பசைக்குக் கொண்டுபோனது.

மறுநாளிலிருந்து மாஸ்க்.

வக்கீலம்மாவிடம் போனாள். எப்படிக் கேட்பது என்று பாத்ரூமில் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

"மேடம், ஒரு ரோடு முட்டுச்சந்துன்னு எனக்குத் தெரியும்னு வைங்க. நமக்கு வேண்டியவங்க அதுக்குள்ள போய்ட்டிருக்காங்க..."

வக்கீலம்மா பேனாவை மூடினாள். "எந்த ரோடுன்னு என்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா எனக்கும் தெரிஞ்சதாயிடும்."

"கொஞ்சம் பொறுன்னு மட்டும் சொல்லலாமா?"

"எத்தனை நாள் பொறுக்கணும்னு கேப்பாங்க. அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?"

பெரியவள் மேஜையில் கிடந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இருக்குல்ல. அப்போ பொறுங்கற வார்த்தையும் அவங்களோடது. உங்களோடது இல்ல."

அந்த வேலையிலிருந்து தன்னை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். முதலிலேயே இங்கே போட்டிருக்கக் கூடாது என்று வக்கீலம்மாவும் தலையில் தட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பசைப் பிரிவுக்கு மாற்றினாள். அது பின்கட்டிடம். ஜன்னலைத் திறந்தால் லாரி ஷெட். காரணம் என்று காகிதத்தில் ஒன்றும் எழுதவில்லை, எழுதினால் அதுவே ஒரு துப்பாகிவிடும்.

காரணம் எழுதாத இடத்தில் ஜனங்கள் சொந்தமாக எழுதிக்கொள்வார்கள். சின்னவள் எழுதிக்கொண்டது இது: என் கீழே வேலை பார்க்க அவளுக்கு கவுரவம் இடம் கொடுக்கவில்லை. புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர், பதினேழு வருஷம் பஸ் ஓட்டியவர், முன்னால் போகிற வண்டி ஏன் திரும்பியது என்று யோசிக்கக் கூடாது, இடைவெளி விட்டுப் போக வேண்டும் என்றார். அது நல்ல டிரைவிங், அவ்வளவுதான்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. முன்னெல்லாம் ஒரே குடையில் பஸ் ஸ்டாப் போனவர்கள் இப்போது பத்து நிமிஷ வித்தியாசத்தில் போகிறார்கள் என்று தையல்காரி கணக்கு வைத்திருந்தாள். மழை வந்த நாளில் குடை யார் கையில் இருந்தது என்பதுகூட அவளுக்கு ஞாபகம்: யார் கையிலும் இல்லை. ரெண்டு பேரும் நனைந்துகொண்டே போனார்கள், ஒருத்திக்காக இன்னொருத்தி குடையை வீட்டில் வைத்துவிட்டு.

மாதங்கள் போயின. சின்னவள் முன்பைவிட வெறியாக வேலை செய்தாள். வேறொரு கலவையையும் கூடவே முயன்று பார்க்கலாம் என்று முதலில் வைத்திருந்தவள், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மொத்தத்தையும் கடல்பாசியில் போட்டாள். அக்கா பொறாமைப்படுகிறாள் என்றால், அப்படிப் பொறாமைப்படும் அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் இல்லையா? இப்படி ஒரு கணக்கு. சின்ன வயசில் போட்ட கணக்குகளில்கூட இவ்வளவு பெரிய தப்பு அவள் விட்டதில்லை. பார்த்து அழிக்கச் சொல்ல எதிரே முகம் இல்லை.

பெரியவள் பின்கட்டிடத்தில் அட்டைப்பெட்டியை ஒட்டிப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் லேப் ஜன்னல் தெரியும். அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் தேதி கட்டி. அந்தத் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள். எண்ணக் கூடாது என்றுதான் நினைப்பாள். விரல் கேட்காது.

மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் காய்ச்சி, கடைசியில் பாட்டிலில் ஒட்டிய கலவைக்கு ஆறாவது வாரம் முடிந்த அன்று சாயங்காலம் படியில் காலடி கேட்டது. தங்கையின் நடை அவளுக்குத் தெரியாதா? அடுப்பை அணைத்துவிட்டு, தன் சொந்த வீட்டில், தன் சொந்த சமையலறையில், ஆணியில் தொங்கிய மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

சின்னவள் உள்ளே வந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். கோபமாக வரவில்லை. அப்படி வந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

ஆறு வாரம் நின்றுவிட்டது, இரும்பு மாதிரி பிடித்திருக்கிறது, மேனேஜர் துள்ளிக்குதிக்கிறார், ஒரு ஜூஸ் கம்பெனிக்கு முதல் லோடு அனுப்பலாமா என்று கேட்கிறார், நாளைக்குக் காலையில் சரி என்று சொல்ல வேண்டும் என்றாள். பன்னிரண்டு வாரம் வைத்துப் பார்ப்பதுதான் முறை, ஆனால் மேனேஜருக்கு அவசரம். ஆறு வாரம் நின்றது அப்புறம் விழுமா என்ன? இதையெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கல அக்கா. உங்க கம்பெனி விஷயம் எனக்கு வேண்டாம். நீ பேசவே வேண்டாம்." ஒரு எட்டு முன்னால் வந்தாள். "மாஸ்க்கை மட்டும் எடு. ஒரே ஒரு தடவை."

பெரியவளின் கை தானாகக் காதுவரை போனது. நாடாவைத் தொட்டது. மாஸ்க்குக்குள்ளே உதடு இழுத்துக்கொண்டு கிடப்பது அவளுக்கே தெரிந்தது, சுளுக்கு மாதிரி. எடுத்தால் போதும். ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. எந்தக் காகிதத்திலும் உதட்டைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

ஆனால் பதினோரு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர், அதையும் இங்கேயே வெச்சுட்டுப் போயிடுங்க என்று சொன்னபோது, அவள் சரி என்று சொல்லியிருந்தாள். வாய்க்கு ஒரு சரி, உதட்டுக்கு ஒரு சரி என்று தனித்தனியாகச் சொல்லவில்லை.

கையை இறக்கினாள். தங்கைக்குக் காபி போடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் படியிறங்கினாள். எத்தனை படி என்று தெரிந்த படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். கூப்பிடுவாள் என்று நினைத்திருக்கலாம்.

லோடு போனது. லேப் அலமாரியில் ஒன்பதாவது வாரம் ஒரு திங்கட்கிழமை வந்தது. காலையில் கதவைத் திறந்தபோது முதல் பாட்டிலின் லேபிள் ஓரம் நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக்குள் அத்தனையும். கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப எடுக்க ஆள் ஓடினார்கள், பாதி கிடைத்தது. மிச்சப் பாதி தெருத் தெருவாக ஃபிரிட்ஜில் நின்று, அதன் ஒன்பதாவது வாரம் வந்ததும் துணி அவிழ்ந்து நின்றது. இந்தத் தெருமுனைக் கடையிலும்தான். எது ஆரஞ்சு, எது மாம்பழம் என்று குடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் பால் வாங்க வந்தவள், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஈரமாகக் குவிந்து கிடந்த லேபிள்களைப் பார்த்தாள். பால் வாங்காமல் திரும்பினாள்.

மேனேஜருக்குத் துள்ளிக்குதித்தது மறந்துவிட்டது. பன்னிரண்டு வாரம் என்பது முறை, ஆறிலேயே சரி சொன்னது யார் என்று கேட்டார். பதில் காகிதத்தில் இருந்தது, சின்னவளின் கையெழுத்தோடு. லேப் தலைமை வேறொருவருக்குப் போனது. அவளுக்கு அதே லேபில் ஒரு மூலை மேஜை.

இதோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் ஏதாவது ஆகியிருக்கும். குடை மறுபடி ஒன்றாகியிருக்கலாம். ஆனால் பழைய கம்பெனி அந்தப் பாட்டில்களில் ரெண்டை வாங்கிச் சோதித்துப் பார்த்தது. கடல்பாசி இருந்தது. பால் புரதம் இருந்தது. பரணில் கிடந்த கோப்பில் இருந்த அதே கலவை. அந்தக் கோப்பு தெரிந்த ஒரே வெளியாள் இப்போது எந்தக் கம்பெனியில்? வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், இனி ரெண்டு வருஷம் எந்தப் பசைக் கம்பெனியிலும் அவள் கால் வைக்கக் கூடாது, நீங்களும் நஷ்டஈட்டுக்குத் தயாராக இருங்கள் என்று ஏழு பக்கம்.

பெரியவள் அதை வக்கீலம்மாவின் மேஜையில் படித்தாள். சொல்லாததற்குத் தங்கையை இழந்தாள். சொன்னாள் என்று இப்போது வேலை போகப்போகிறது. அழவில்லை. நாற்பத்துமூன்று வயசில், பசையைத் தவிர வேறொன்றும் தெரியாத கை ரெண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் வக்கீலம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். பேனா மூடி டக் டக்கென்று ஆடியது. அவங்க கோப்பில் இது தோற்றது என்றுதானே எழுதியிருக்கும்? இங்கேயும் தோற்றதுதானே? அப்படியென்றால் நீங்கள் எதையும் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? முன்னாடியே தெரிந்தவள் பக்கத்தில் இருந்தும் ஏழு மாசம் ஒருத்தர் அந்தச் சந்துக்குள் போய் முட்டிக்கொண்டிருக்கிறார் என்றால்... "உங்களைக் காப்பாத்தப் போறது இந்தத் தோல்விதான்" என்றாள். அந்தத் தோல்வியைத் தோற்றவளே முழுசாக எழுதித் தர வேண்டும். ஒன்றுவிடாமல், தேதிவாரியாக, கையெழுத்தோடு.

தோற்றவள் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் கேட்கப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. வக்கீலம்மாதான் கேட்டாள். சின்னவள் ஒரு நாள் அவகாசம்கூடக் கேட்கவில்லையாம். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டாளாம்.

பன்னிரண்டு பக்கம். ரெண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்த மேஜையில் அதைப் படித்தவர் பழைய லேப் தலைவர். பெரியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல் படித்தார். எந்த மாசம் சூட்டைக் கூட்டினாள், எந்த மாசம் மாவைக் குறைத்தாள், எங்கே மயங்கினாள், எங்கே நம்பினாள் என்று எல்லாம் இருந்தது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் விட்ட தப்பையெல்லாம் நாங்கள் விட்ட வரிசையிலேயே விட்டிருக்கிறார்கள், தெரிந்த யாரும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றாவது பக்கமே இருந்திருக்காது என்று தன் வக்கீலிடம் சொன்னார். பிறகு பெரியவளிடம், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். நோட்டீஸ் வாபஸ்.

அந்தக் காகிதத்தின் ஒரு பிரதி பெரியவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். கலவைக் கணக்குகளுக்கு நடுவே, அதே நேர்த்தியான லேப் கையெழுத்தில் வேறு வரிகளும் இருந்தன.

'பலகையில் எழுதிவிட்டு அக்காவைப் பார்த்தேன். குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.'

'அக்கா வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். காரணம் சொல்லவில்லை.'

'ஆறாவது வாரம். அக்காவின் வீட்டுக்குப் போய், மாஸ்க்கை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டாள்.'

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே: 'ஏழு மாதத்தில் என் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இதை யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.'

பெரியவள் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். இறங்கிப் போனாள். ரொம்ப நாள் கழித்து அந்தப் படியில் வெறும் முகத்தோடு இறங்கினாள். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஹாலில் அட்டைப்பெட்டிகள். சின்னவள் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் ஒரு கம்பெனி, காகிதப் பை செய்கிறவர்கள், கூப்பிட்டிருக்கிறார்கள். டிரைவருக்கும் அங்கேயே பஸ் கிடைக்கும் என்று, கேட்காமலே சொன்னாள். பெரியவள் உட்கார்ந்து ஒரு தம்ளரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்று ஆரம்பித்தாள். முடிக்கத் தெரியவில்லை.

"நீ செஞ்சது சரிதான் அக்கா" என்றாள் சின்னவள். தலை நிமிரவில்லை. "வக்கீலம்மா சொல்றாங்க. அந்த சார் சொன்னாராமே. எனக்கே தெரியுது. நீ சொல்லியிருந்தா ரெண்டு பேருமே மாட்டியிருப்போம். சரின்னு தெரிஞ்சப்புறம் யார்கிட்ட போய் சண்டை போடறது?"

பெரியவள் சுற்றிக்கொடுத்த தம்ளரைச் சின்னவள் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நீ தப்பா ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றாள். "அது சுலபம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்க் இல்லாத முகம், இத்தனை மாசத்தில் முதல் தடவை. பெரியவள் முகத்தைத் திருப்பவில்லை, அப்படியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்ன வேண்டுமானாலும் படித்துக்கொள் என்பதுபோல. மேலுதடு இடது பக்கம் இழுத்திருந்தது. போகாதே, இது தப்பு என்று கத்தாத குறை.

சின்னவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு அடுத்த தட்டை எடுத்துப் பேப்பரில் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. டிரைவர்தான் ஓடி ஓடி ஏற்றினார். குடையை யார் எடுத்துக்கொள்வது என்று ஒரு சின்னக் குழப்பம்; சின்னவள் அதைப் படிக்கட்டின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டுப் போனாள். ரெண்டு சகோதரிகளும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று தெரு எதிர்பார்த்தது. அழவில்லை. இதிலே என்னமோ இருக்கு, சொத்துத் தகராறாத்தான் இருக்கணும் என்று தையல்காரி முடிவு கட்டினாள். அவளுக்கு அது போதும்.

ஒரு மாசம் கழித்துப் பெரியவள் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசி மணியில் சின்னவள் எடுத்தாள். வீடு வசதியா, தண்ணீர் வருகிறதா, அவர் எந்த ரூட் ஓட்டுகிறார் என்று பெரியவள் எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, மரியாதையாக, ஒவ்வொரு வரியாக. பேச்சு தீர்ந்துபோகும்போலிருந்தது. தீரக் கூடாதே என்று, வேலை எப்படி இருக்கு, என்ன பசை பண்ணறே என்று கேட்டுவிட்டாள்.

"அது சொல்லக் கூடாதுக்கா" என்றாள் சின்னவள். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க."

"ஆமா, சரிதான்" என்றாள் பெரியவள். "சொல்லக் கூடாது."

போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்தவர்கள் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.